ஆறு மணி ஷிப்டுக்குத் திரும்பும் தாய்மார்களுக்கு



சானமாவு, உத்தனப்பள்ளி, பேரண்டப்பள்ளி, காமன்தொட்டி என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி, பிரசவ விடுப்பு முடிந்து லைனுக்குத் திரும்புகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள், கூத்தனப்பள்ளிப் பக்கம் செல்போன் பாகம் செய்கிறவர்கள், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை போய் கார்மெண்ட்ஸில் தைக்கிறவர்கள், எல்லோருக்கும்தான் இந்த மடல். நானும் பால் மறக்காத பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனவள். அன்று பிரசவ விடுப்பு 12 வாரம். 2017இல் சட்டம் திருத்தப்பட்டு அது 26 வாரமானபோது என்னைப் போன்றவர்கள் எவ்வளவு மகிழ்ந்தோம் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆனால் விடுப்புக்கு மட்டும்தான் சட்டத்தில் வாரக் கணக்கு இருக்கிறது. திரும்பி வந்து நிலைகொள்ள எத்தனை வாரம் ஆகும் என்று எவரும் எண்ணவில்லை. நீங்கள் பஞ்ச் அடித்த நிமிடத்திலிருந்து பழைய ஆள் பழைய வேகத்தோடு வந்துவிட்டாள் என்றே டார்கெட் போர்டு எடுத்துக்கொள்கிறது. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே கை ஓடவில்லை, இடுப்பு நிற்கவில்லை, கண் சொக்குகிறது என்றதும், 'என்னால் முடியாது போலிருக்கு அக்கா, நின்னுடறேன்' என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடியாமல் போவது உங்கள் குறையல்ல. திரும்புவதற்கும் காலம் பிடிக்கும், அந்தக் காலத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதில் ஒரு பங்கு சட்டத்தில் எழுதியே இருக்கிறது. மீதியை நாம்தான் வாங்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க நின்று செய்யும் வேலையில் எட்டாம் மாதம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது, அதனால் நம் பெண்கள் பலரும் அதை முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் 18 வாரம். அதாவது நீங்கள் திரும்பும்போது பிள்ளைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனமும் நம் ஊர் நர்சம்மாவும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளி கிடக்கிறது. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்து அடுத்ததைப் பெற்றவர்களுக்கு இன்றும் 12 வாரம்தான். அந்தப் பிள்ளைக்குக் கழுத்துகூட நிற்காத வயது. தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. அது நியாயமான காலம். ஆலையில் நிற்பவளின் உடம்பும் அதே உடம்புதான் என்பதை அரசு ஒப்புக்கொள்ளும் நாளும் வர வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பார்த்து மாமியார் வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். அதுவரை பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், பிள்ளை தூங்கும்போது தானும் தூங்கு என்று அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு மாறிய சூட்டோடு வேலையும் தொடங்குகிறது. பிள்ளைக்கு இடம் புதிது, கை புதிது. உங்களுக்கும் தூக்கம், சாப்பாடு, அடுப்படி எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. முடிந்தால் இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவே சில வாரமாவது விடுங்கள். ஐந்தாம் மாதம் என்று வழக்கம் இருந்தால், விடுப்பு முடிவதைச் சொல்லி மூன்றாம் மாதமே அழைத்துவரச் சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல நாள் எல்லா மாதத்திலும் இருக்கிறது.

வேலைக்குப் போகும் முதல் நாள் கேட் முன்னால் நிற்கும்போது தொடங்குவதல்ல இந்தத் திரும்புதல். விடுப்பின் கடைசி இரண்டு மூன்று வாரத்திலேயே அதைத் தொடங்கிவிட வேண்டும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து மணிக்குள் பஸ் வந்துவிடும். நான்கு மணிக்கு எழுந்தாக வேண்டும். அப்படி எழுவதை முன்னரே பழகுங்கள். இரவு எட்டரை ஒன்பதுக்குப் படுத்துவிடுங்கள், டி.வி.யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரவில் பிள்ளை இரண்டு மூன்று முறை பாலுக்கு எழும். அதை நிறுத்த முயல வேண்டாம். பகலில் அம்மாவைக் காணாத பிள்ளை இரவில் அதிகமாகக் குடித்து ஈடுகட்டிக்கொள்ளும், உங்கள் பால் வற்றாமல் இருப்பதும் அதனால்தான்.

பால் கறந்து வைப்பதைப் பற்றி வீட்டில் பெரிய சண்டையே நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். 'மாட்டுக்குக் கறக்கற மாதிரி கறந்து வைக்கிறதா' என்று முகம் சுளிக்கிறார்கள். கறந்த தாய்ப்பால் முறையாக வைத்தால் கெடாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. கழுவிக் கொதிக்கவைத்த, மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணம் போதும். 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு மணி நேரம் இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் நான்கு நாள்வரை இருக்கும். மார்கழி, தை மாதத்து ஓசூர்க் குளிரில் அந்த நான்கு மணி நேரம் வெளியே வைப்பதில் கவலையில்லை. சித்திரையில் ஃபிரிட்ஜோ ஐஸ் போட்ட பெட்டியோ வேண்டும். சூடாக்குவதற்கு அடுப்பில் ஏற்ற வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். ஊட்டுவதற்குப் பாட்டில் வாங்கவே வேண்டாம். நம் வீட்டுப் பாலாடையே இருக்கிறது. பாட்டிகளுக்குக் கைவந்த பொருள், கழுவ எளிது, பிள்ளையும் மார்பை மறக்காது. ஆனால் அதை நீங்கள் ஊட்டிப் பழக்காதீர்கள். அம்மாவின் வாசனை பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளை பாலாடையை ஏறெடுத்தும் பார்க்காது. யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவர்கள் ஊட்டட்டும், நீங்கள் அந்த நேரம் வேறு அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள்.

வேலையிலிருந்து வந்ததும் முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், அது சூட்டுப் பால் என்று சொல்வார்கள். உடம்புக்குள் இருக்கும் பால் வெயிலாலோ மெஷின் சூட்டாலோ கெடுவதில்லை. முகம், கை கழுவி, கம்பெனிச் சட்டையை மாற்றிக்கொண்டு நேராகப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ராகிப் பாலை நான்காம் மாதமே தொடங்கிவிடலாம் என்று அவசரப்படுகிறவர்களும் உண்டு. ராகி அருமையான தானியம், எடைக்கு எடை மாட்டுப்பாலைவிடக் கால்சியம் கூடுதல். அந்தக் களியையும் கூழையும் இப்போது நீங்கள் சாப்பிடுங்கள், பிள்ளைக்கு ஆறு மாதம் முடியட்டும். கறக்கும் பால் போதாமல் போனால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசமாகத் தருகிறார்கள். அதை அலமாரியில் போட்டுவிட்டு, நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று லைனில் சாய்ந்தவர்களை நான் பிடித்திருக்கிறேன்.

இனி லைன். நான்கு மணி நேரத்துக்கு மேல் கறக்காமல் இருந்தால் பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாகும், காய்ச்சல் வரும், சட்டை நனையும். அதைச் சகித்துக்கொண்டு நிற்பது பொறுமையல்ல, ஆபத்து. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளைகளுக்கு மேல், நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் சொன்னது. அதே விதி 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டின் உடன்படிக்கையிலேயே, பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் என்று எழுதிவிட்டார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த வரி இன்னும் பல ஷிப்டுகளுக்கு வந்து சேரவில்லை. ரிலீவர் இல்லை, லைன் நின்றுவிடும் என்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் வேலையில் உடுப்பு, தொப்பி, காலுறை எல்லாம் கழற்றி மாட்டுவதற்கே இடைவேளை தீர்ந்துவிடும். கறப்பதற்கு இடமென்று காட்டுவது கழிவறையாக இருக்கும். கழிவறையில் நின்று பிள்ளையின் சாப்பாட்டைக் கறக்கச் சொல்வதை ஏற்காதீர்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், ஒரு ஃபிரிட்ஜ். கோடிக்கணக்கில் மெஷின் இறக்கும் இடத்தில் இதற்கு என்ன செலவு?

லைன் லீடர்களாக இருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்தவளை முதல் இரண்டு வாரம், லைனையே இழுத்துப்பிடிக்கும் ஸ்டேஷனில் போடாதீர்கள். உட்கார்ந்து செய்யும் சோதனை வேலை, லேபிள் வேலை என்று ஏதாவது ஒன்று எல்லா லைனிலும் இருக்கும். மாதக்கணக்கில் தொடாத ஸ்க்ரூ டிரைவர் கைக்குப் பழக நாளாகும். அவளுக்கு வேலை தெரியும், புது ஆளுக்குப் போல முதலிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. அவள் மனம் வெறுத்து நின்றுவிட்டால், புது ஆளைப் பிடித்துப் பழக்குவதில் உங்களுக்கு ஆகும் நட்டம் இதைவிடப் பெரிது.

'ஆறு மாசம் சம்பளத்தோட ரெஸ்ட் எடுத்துட்டு வந்தவ' என்று பின்னால் பேசுவார்கள். பெண்களே பேசுவார்கள், அதுதான் வலிக்கும். அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியட்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. ஒவ்வொரு மாதமும் நம் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதமும், அதன்மேல் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் போய்ச் சேரும் நிதி அது. கல்யாணமாகாத நாளிலிருந்து நீங்கள் கட்டிய பணம்தான் உங்களுக்குத் திரும்பி வந்தது. பேசியவளுக்கும் அது ஒருநாள் வரும்.

காண்ட்ராக்டில் இருப்பவர்களின் நிலைதான் என்னைத் தூங்கவிடாதது. அவர்களை யாரும் வேலையை விட்டு எடுப்பதில்லை, திரும்பக் கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். விடுப்பில் இருக்கும்போது காண்ட்ராக்டர் மாறியிருப்பார். புதியவர், லிஸ்டில் உன் பேரே இல்லையே என்பார். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் மகப்பேறுப் பலன் உங்களுக்கும் உண்டு, இ.எஸ்.ஐ. என்றால் அதற்கான பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். டெல்லி மாநகராட்சியில் சாலைக்குப் பள்ளம் தோண்டிய தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவப் பலன் உண்டு என்று 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 மே மாதம், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையைச் சேர்ந்தது என்று அதே நீதிமன்றம் சொன்னது. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி குற்றம். ஆகவே விடுப்பு எழுதிக் கொடுக்கும்போதே ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டுகளை, செல்போனில் படமெடுத்தாவது, சேர்த்து வையுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஏமாந்தவர்களை நிறையவே பார்த்துவிட்டேன்.

இரவு ஷிப்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தடையை 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு நீக்கியது. இப்போதைய சட்டமும் உங்கள் சம்மதத்தோடுதான் என்கிறது. பால்குடிப் பிள்ளை இருக்கும்வரை அந்தச் சம்மதத்தைத் தர வேண்டியதில்லை. இருட்டில் போவதைத் தவிர்க்க நம் சாலையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ராகி கதிர் முற்றும்போது பன்னேருகட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் வந்து சானமாவுக் காட்டில் தங்கும். சில மாதம் ராயக்கோட்டை சாலையை அவை எப்போது கடக்கும் என்று சொல்ல முடியாது. வனத்துறை எச்சரிக்கும் நாட்களில்கூட விடியாத இருட்டில் தனியாக ஸ்டாப்புக்கு நடந்து போகிறீர்கள், தாமதமாகப் போனால் அரைநாள் சம்பளம் போகுமே என்ற பயத்தில். அந்த நாட்களில் பஸ் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து எழுதிக் கேளுங்கள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுகிற தங்கைகள் இருக்கிறீர்கள். சில நாள் அழுகை எல்லோருக்கும் வருவது. ஆனால் வாரங்கள் கடந்தும் பிள்ளையைப் பார்த்தால் மகிழ்ச்சி இல்லை, தூக்கம் கிடைத்தாலும் தூங்க முடியவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது நோய், அதற்கு மருந்து உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

கடைசியாக, நான் மிக முக்கியம் என்று நினைப்பது. நீங்கள் வேலைக்குப் போனதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? பெரும்பாலும் மாமியார், இல்லையென்றால் அம்மா. நம் ஊரில் அவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்ல. தக்காளித் தோட்டத்துக்கு, ரோஜாப் பூ வெட்டும் பசுமைக்குடிலுக்கு, ராகி அறுப்புக்குக் கூலிக்குப் போய்வந்தவர்கள். உங்கள் ஆறு மணி ஷிப்டுக்காக அவர்கள் தங்கள் கூலியை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்கிறார்கள். ஒருத்தி வேலைக்குத் திரும்ப இன்னொருத்தி வேலையை விடுகிறாள். அந்தக் கூலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சம்பளம் வந்ததும் அவர்கள் கையில் மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள், கணவரையும் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் அப்பா ஜெனரல் ஷிப்டில் இருந்தால் காலை எட்டு மணிவரை பிள்ளை அவர் பொறுப்பு என்று ஆக்குங்கள். அவருக்கும் பாலாடை பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஓசூரிலேயே குடியிருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. சானமாவிலிருந்து மார்கழிக் குளிரில், விடியும் முன்னே நான்கு மாதப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி கம்பெனி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக எந்தத் தாயாலும் முடியாது. ஊர் அங்கன்வாடியோ இரண்டு வயதுக்குப் பிறகு. அதுவும் உங்கள் ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் திறப்பது. ஆக நமக்குக் காப்பகம் ஊருக்குள் வேண்டும். தனித்தனியாகக் கட்ட முடியாத நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம், அரசோ தொண்டு நிறுவனமோ நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பிலேயே வழி இருக்கிறது. நம் ஊர்களுக்கு நாலைந்து கம்பெனி பஸ் வருகிறது. அந்த நாலைந்து கம்பெனிகளும் சேர்ந்தால் போதும்.

மே 1 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும். தொழிலாளர் தினம், பலருக்கும் விடுமுறை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வாருங்கள், மாமியாரையும் அழைத்து வாருங்கள், பேச வேண்டியவர்கள் அவர்களும்தான். தீர்மானத்தில் நான்கு விஷயம் எழுதச் சொல்வோம்: காலை நான்கரை மணிக்குத் திறக்கும், இரண்டாம் ஷிப்ட் பஸ் திரும்பும்வரை மூடாத காப்பகம், கறந்த பால் வைக்க ஃபிரிட்ஜ், நம் ஊர்ப் பெண்களுக்கே அங்கே சம்பளத்தோடு வேலை, செலவில் கம்பெனிகளின் பங்கைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
சானமாவு அக்கா